கணவர் என்று வெட்டாத கல்

கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுவது அவர் தொழில். ‘உளிக்காரர்’ என்றால் போதும், துக்கம் விழுந்த வீட்டாருக்கு யாரும் வழிகாட்டிவிடுவார்கள். கல்லில் ரப்பர் போட்டு அழிக்க முடியாது என்பதால் அவருக்கு ஒரு பழக்கம். முதலில் எழுத்துகளை ஊசிமுனையால் மெல்லக் கீறிக்கொள்வார். பிறகு கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துவரை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். நேராகப் படித்தால் கண் ஏமாற்றிவிடும். அதன் பிறகு கல்லின் மேல் கையை வைத்து, முகம் தெரியாத அந்த ஆளுக்காக ஒரு நிமிஷம் பிரார்த்தனை. முப்பது வருஷத்தில் ஒரு கல்லுக்கும் அது தவறியதில்லை.

அந்தக் கறுப்புக் கல்லுக்கும் எல்லாம் செய்தாகிவிட்டது. போனில் வந்த ஆர்டரை மனைவிதான் எழுதி வைத்திருந்தாள். பெயர், இரண்டு தேதிகள், கீழே ‘என் அன்புக் கணவர்’. கீறலைப் பார்த்துச் சரி சொல்ல ஒரு பஸ் டிரைவர், சீருடையைக்கூட மாற்றாமல் வந்தார்.

“அந்தம்மா வரலையா?” என்றார் உளிக்காரர்.

“எந்தம்மா?”

“தவறினவரோட சம்சாரம்.”

“சம்சாரம்னு யாரும் இல்லைங்க. நான்தான். பதினெட்டு வருஷம்.”

உளிக்காரர் ஊசியைக் கீழே வைத்தார். “பேரு வெட்டித் தரேன். அந்தக் கடைசி வரி என்னால ஆகாது. நாளைக்குக் கடவுளுக்கு நான் பதில் சொல்லணும்.”

டிரைவர் சத்தம் போடவில்லை. “அவரோட அம்மா கல்லு நீங்க வெட்டினது. தனக்கும் இதே கைதான் வெட்டணும்னு சொல்லிட்டுப் போனாரு. நான் உங்க கடவுள்கிட்ட எதுவும் கேக்கலைங்க. உங்க கடைக்குத்தான் வந்தேன்.”

டிரைவர் புகார் கொடுத்திருந்தார். பத்தாம் நாள் சமத்துவ ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. கடை திறந்து வைத்திருப்பவர், வருகிறவர் யார் என்று பார்த்து மறுக்கக் கூடாது. குற்றம் உறுதியானால் கடையின் உரிமம் போகும்.

மனைவியின் தம்பி ஒரு வழி சொன்னான். “மாமா, கை வலின்னு எழுதிக் குடுத்துடுங்க. டாக்டர் சீட்டு நான் வாங்கித் தரேன்.”

“கடவுளுக்குப் பயந்து மறுத்துட்டு, பொய் சொல்லித் தப்பிக்கவா?”

“அப்ப கடைய மூடிட்டு ரெண்டு பேரும் கடவுளையே பாத்துக்கிட்டு உக்காருங்க.”

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “மரக்கடைக்காரருக்கு ‘அன்பே உருவான கணவர்’னு வெட்டினீங்களே. அவரு அடிச்சு உடைச்ச முன்பல்லு ரெண்டு இல்லாம அவர் சம்சாரம் வந்து நின்னுச்சு. அன்னிக்கு உங்க கடவுள் லீவா?”



ஆணையத்தில் உளிக்காரர் உண்மையைத்தான் சொன்னார். விசாரித்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “உங்க நம்பிக்கைய மாத்திக்கச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனா உறவுச்சொல் ஒருத்தருக்கு வெட்டினா எல்லாருக்கும் வெட்டணும். இல்லைன்னா யாருக்கும் வெட்டக் கூடாது. எது?”

“யாருக்கும் வெட்டலை.”

எதிரே உட்கார்ந்திருந்த டிரைவர் சரியென்று தலையசைத்தார். “அந்த வரி இல்லாட்டியும், எழுத்தாவது போனவர் ஆசைப்பட்ட கையால இருக்கட்டும்.”

கடையில் பலகை ஏறியது: ‘பெயரும் தேதிகளும் மட்டும்.’ “எங்கப்பாவை அப்பான்னு போட மாட்டீங்களா?” என்று ஒரு பெண் அழுதுகொண்டே வேறு கடைக்குப் போனாள். கடை என்னவோ தப்பியது. ஆனால் கொட்டகையில் சாய்த்து வைத்த கற்களில் தேதிக்குக் கீழே வெற்றிடம் பளபளத்தது. முன்பெல்லாம் யாரோ ஒருவரின் அம்மாவுக்காக, யாரோ ஒருவரின் மகனுக்காக வேண்டிக்கொள்வார். இப்போது கையை வைத்தால், யாருக்கும் யாருமில்லாத ஓர் ஆள் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, என்னை யாரென்று நினைத்தாய் என்று கேட்பதுபோல் இருந்தது. கையை எடுத்த பிறகும் உள்ளங்கையில் சில்லிப்பு போகவில்லை.

டிரைவரின் கல்லில் பெயரும் தேதியும் வெட்டி முடித்தார். கடைசி வரியின் ஊசிக்கீறலைத் தேய்த்து அழிப்பதுதான் பாக்கி, அரைமணி வேலை. தண்ணீரை ஊற்றினார். ஈரத்தில் கீறல் மறைந்தது. தேய்ப்புக்கல்லைக் கையில் எடுத்தபோது மனைவி டீயோடு வந்தாள்.

“நாளைக்கு நான் போயிட்டா என் கல்லுல என்ன போடுவீங்க?”

“பேரும் தேதியும்.”

“யாரு சம்சாரம்னு?”

“சட்டம் அப்படி...”

“சட்டத்து மேல பழிய போடாதீங்க. ஆணையத்து அம்மா ரெண்டு வழி சொன்னாங்க. இதை எடுத்தது நீங்க.” டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெயில் பட்ட ஓரத்திலிருந்து கல் காய ஆரம்பித்தது. ர். வ. ண. க. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எழுத்துகள் வெள்ளையாகத் திரும்பி வந்தன. தன்னையறியாமல் உரக்கப் படித்திருந்தார். டீ ஆறி ஏடு படியும்வரை தேய்ப்புக்கல் கையிலேயே இருந்தது. பிறகு அதைக் கீழே வைத்தார்.

மறுநாள் கல்லை ஏற்றிப் போக வந்த டிரைவர், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கடைசி வரியை விரலால் தொட்டார்.

“இது வெட்டினதில்லையே?”

“இல்லை. கீறல். நான் அழிக்கலை.”

“எத்தனை நாள் இருக்கும்?”

“நம்ம காலம் வரைக்கும்.”

டிரைவர் கல்லை வண்டியில் ஏற்றினார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகும், உளிக்காரரின் வாய் அந்த நான்கு எழுத்தைப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது.