அழுகைக் காட்சியை வெட்டச் சொன்னவர்

மரகதம் மேடம் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். பேசியது அவருடைய மாணவி. விம்மலோடு கேட்டாள்: "ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்துல போட ஒரு சின்ன வீடியோ வேணும் சார். ஆஸ்பத்திரியில மேடம் அழுதத உங்க போன்ல எடுத்தீங்களே, அது போதும்." பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மேடத்தை உங்களுக்குத் தெரியும். பொத்தேரியில் கல்லூரிப் பாடம், விடுமுறை விட்டால் கேமராவோடு கடற்கரை. இருபது வருஷம் அவருடைய ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் நான்தான். அவரோடு அதிகம் சண்டை போட்டவனும் நான்தான். படத்தில் இருப்பவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் படம் வெளியே போகும் என்பது அவர் விதி. "மூஞ்சி அவங்களோடது. நாம இரவல் வாங்கியிருக்கோம்" என்பார்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில், படகு இறக்கும் வழியை மறித்து ஒரு விடுதி சுவர் எழுப்பியது. அதைப் படமெடுத்தோம். சுவரடியில் உட்கார்ந்து மீன்காரக் காசியம்மா அழும் காட்சிதான் படத்துக்கு உயிர் என்று நான் துள்ளினேன். பொழுது சாய்ந்ததும் குப்பத்திலேயே வேட்டியைக் கட்டித் திரையிட்டோம். பாதியில் காசியம்மா எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, நான் அழுவறத மட்டும் காட்டிகினு கீற? கடலு உங்கப்பன் வூட்டு சொத்தான்னு அந்த மேனேஜர கேட்டேனே, அது எங்க?"

தப்பு என்னுடையது. கடற்காற்றில் மைக்குக்கு உறை மாட்ட மறந்திருந்தேன். பதிவானதெல்லாம் வெறும் காற்று. அது மேடத்துக்கும் தெரியும். ஆனால் என் பக்கம் திரும்பாமலே, "எங்க தப்புதாம்மா" என்றார்.

திரும்பி வரும்போது, "அழுகைய வெட்டிடு" என்றார்.

"அது இல்லன்னா படமே இல்ல மேடம்!"

"அப்ப படம் வேணாம்."



மறுவாரம் காசியம்மாவை எடிட்டிங் அறைக்கே கூட்டி வந்தார். திரையில் தன் வாயசைவைப் பார்த்தபடி காசியம்மா மறுபடி கேள்வி கேட்க, அதையும் படம் பிடித்தோம். அன்று கேட்காத நாலு கேள்வியும் கூடவே வந்தது. "இதெல்லாம் அன்னிக்கிக் கேட்டியாம்மா?" என்றேன். "அன்னிக்கித் தோணல. இப்ப தோணுது, போடு!" மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். காற்றில் போன பேச்சை மறுபடி பேச வைத்தோம் என்று படத்திலேயே எழுதியும் போட்டார். இன்று அந்தச் சுவரில் படகு போக வழி இருக்கிறது. தன் படத்தால்தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைக்காக மேடத்தின் அந்தச் சிரிப்பைப் பழைய பதிவில் தேடி எடுத்தேன். பக்கத்தில் காசியம்மாவும் இருக்கிறாரே! நேற்று குப்பத்துக்குப் போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "போடு நைனா. அந்தம்மாவுக்கும் சேத்து நானே சரின்னு சொல்றேன்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி வீடியோவை அழித்தேன். அது மேடத்தைக் கேட்காமல் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்க்கப்போவது அவருடைய சிரிப்பை. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, கேட்டுவிட்டு எடுக்கும் பழக்கம். இருபது வருஷம் கூடவே இருந்தும், அதை இந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.