செங்கம் ரோட்டுப் புங்கன்

ஒரே ஒரு ஊரிலே ஒரு தண்ணி வண்டிக்காரன் இருந்தான். ரோட்டோர மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை, அதற்காகத் திட்டு வாங்குவது அவன் வரும்படி. அது நான்தான். சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும் உங்களுக்குப் புதிதாக என்ன சொல்ல? செங்கம் ரோட்டில், ஒரு லாட்ஜ் வாசலில் நான் நட்ட புங்கனின் கதையை மட்டும் கேளுங்கள்.

கொதிக்கிற புண்ணியம்

அப்போது கன்று என் இடுப்பு உயரம். பௌர்ணமி அன்னதானத்துக்குச் சாதம் வடித்த அக்கா ஒருத்தர், ஆவி பறக்கும் கஞ்சியை அப்படியே அதன் அடியில் சாய்த்தார். "வேர் வெந்துடும்க்கா!" என்று கத்தினேன். நான் கத்தினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அவர் கன்றைத் தொட்டுக் கும்பிட்டார்.

"வாயில்லா ஜீவனுக்கும் பசியாத்தணும் தம்பி. நீ போய் வரிசைல நில்லு, சாம்பார் சாதம் சூடா இருக்கு."

போர்டு

இலையெல்லாம் கொட்டியும் புங்கன் சாகவில்லை. மழை ஏமாற்றிய வருஷத்திலும் பச்சையாக நின்று, முதல் மாடி வரை வளர்ந்தது. வெறுங்காலோடு கிரிவலம் வருகிறவர்கள் கொதிக்கிற தாரிலிருந்து ஓடிவந்து, அந்த நிழலில் பாதத்தை ஆற்றிக்கொள்வார்கள். பூக்கார செல்வியக்கா கடையே அங்கேதான். லாட்ஜ் ஓனருக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"என் போர்டை மறைக்குதுய்யா. வர்றவன் மரத்துலயா ரூம் எடுப்பான்?"

மொட்டை

ஒரு நாள் காலையில் போனால், முட்டி உயரத்துக்கு மேல் மரம் இல்லை. செல்வியக்கா குடையைப் பிடித்துக்கொண்டு பூ கட்டிக்கொண்டிருந்தார். நேரே ஓனரிடம் போனேன். "யாரைக் கேட்டு வெட்டுனீங்க?" என்றேன். ஓனர் சிரித்தார்.

"வெட்டலப்பா, கட்டிங் பண்ணேன். முடி வெட்டுனா தலையா போயிடும்?"

தகரம்

இந்தச் சித்திரையில் போர்டு பளிச்சென்று தெரிகிறது, நின்று படிக்கத்தான் ஆளில்லை. கூட்டம் எதிர்ச்சாரி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது, பூ வாடுகிறதென்று செல்வியக்காவும்தான். ஓனர் தகரக் கொட்டகை போட்டார். அதன் கீழே நின்றால் தலை கொதிக்கிறது. நேற்று என் வண்டியை நிறுத்தி, "சீக்கிரம் நிழல் குடுக்கணும், ஆனா வளரக் கூடாது. அப்படி ஒரு மரம் கொண்டாந்து நடு தம்பி" என்றார். மொட்டைக் கட்டையில் துளிர்த்திருந்த இலைகளைக் காட்டினேன். "இதையே விட்டுடுங்க சார், வந்துடும்."

"இதுவா? மறுபடியும் போர்டுக்குத்தான் வரும். நாளைக்கே வேரோட எடுத்துடறேன்."

சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ரோட்டைத் தாண்டி வேப்பமர நிழலுக்கு நடந்தார்.

வறட்சியைத் தாங்கும் கன்றுகள் எல்லா நர்சரியிலும் கிடைக்கின்றன, லாட்ஜ் ஓனரைத் தாங்கும் கன்றுதான் இன்னும் எங்கேயும் வரவில்லை.