எக்ஸ்ரே அக்கா பிரித்த ஸ்லைடுகள்

நாத்தனாரைப் பற்றி உட்கார்ந்து எழுதும் முதல் தம்பி பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். குறை சொல்லி எழுதவும் நிறைய இருக்கிறது. அதையெல்லாம் என் வீட்டுக்காரர் காதில் இருபத்தாறு வருடமாகப் போட்டுவைத்திருக்கிறேன். அந்தக் காது அதற்கென்றே ஆனது. இங்கே எழுதப்போவது வேறு.

ஊருக்கே அவர் எக்ஸ்ரே அக்கா. கல்யாணம் கூடி வரவில்லை. கூடி வந்த இரண்டையும் அவரே கலைத்துவிட்டு எங்களோடு தங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் எக்ஸ்ரே எடுத்தவர். ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டியதுமே உள்ளே என்ன கோளாறு என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் படம் எடுப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. "என்னம்மா இருக்கு?" என்று கேட்பவர்களிடம் "டாக்டர் சொல்வாரு" என்று சொல்லி அனுப்ப வேண்டும். முப்பத்தோரு வருடமும் அதையே சொன்னார். பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டில் உப்பு சரியா இருக்கா அக்கா என்று கேட்டால், மென்று விழுங்கிவிட்டு, "தம்பி சொல்வான்" என்பார். தட்டைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருக்கும்.

என் மாமனாரின் நெஞ்சுப் படத்தை எடுத்ததும் இவர்தான். உடம்பெல்லாம் எலும்பாகி வந்து நின்ற மனிதர், பெற்ற மகளிடம், "என்னம்மா தெரியுது?" என்று கேட்டார். மகள், "டாக்டர் சொல்வாருப்பா" என்றார். நாலே மாதத்தில் மாமனார் போய்விட்டார். கேட்டபோது சொல்லியிருக்கலாம் என்ற உறுத்தல் அக்காவை விடவே இல்லை. அவர் வாய்விட்டு என்னிடம் சொன்ன ஒரே துக்கம் அதுதான்.

ஓய்வு பெற்றதும் மேல்மூடியிலும் விளக்கு வைத்த ஸ்கேனர் ஒன்றை வாங்கினார். ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய விளக்குப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். பின்னறை ஜன்னலுக்குக் கருப்புத் துணி. நூல் கையுறை, தூசி ஊதும் ரப்பர் உருண்டை, ஒட்டகமுடித் தூரிகை. சட்டம் போட்ட கலர் ஃபிலிமாக ஊரார் வைத்திருக்கும் பழைய ஸ்லைடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார். வெறும் எலும்பாகவே பார்த்த கண்ணுக்குத் தோலும் சட்டையும் போட்ட மனிதர்களைப் பார்ப்பது விடுமுறை போல இருக்கிறதாம்.

பூட்டுக்காரர் வந்தது ஒரு மத்தியானம். தெருமுனையில் சாவி வெட்டும் கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டுப் பூட்டே இரண்டு முறை அவர் கைபட்டதுதான். வயது அறுபதை நெருங்குகிறது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர் உடனே மூடவில்லை. பின்னால் வருபவருக்கு வழி விடுவது போலக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் மூடினார். கூட யாரோ வந்திருக்கிறார்கள் என்று இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். முன்னறையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"இன்னொருத்தர் எங்கே?" என்றேன்.

"யாரு?" என்று அவரும் திரும்பிப் பார்த்தார்.

அக்கா என்னை முறைத்தார். இரண்டாவது டம்ளரை நானே குடித்து வைத்தேன்.

அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு ஸ்லைடுகள். சாதாரண ஸ்லைடு மாதிரி தீப்பெட்டி அளவு இல்லை. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், நல்ல சதுரம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஃபிலிமை வைத்து பிளாஸ்டிக் சட்டம் போட்டவை. அவருடைய அப்பா எடுத்த படங்கள். சட்டம் போட்டு எண் எழுதியதும் அப்பாவே. பெட்டி மூடியின் உள்பக்கத்தில் அதே கையெழுத்து: சட்டத்தைப் பிரிக்க வேண்டாம்.

"அம்மாவுக்காகத்தான்" என்றார். "ஒரு வருஷமா அவங்களுக்கு என்னைத் தெரியல. ஒரு நாள் கரண்டு ஆளுங்கறாங்க, ஒரு நாள் ஆஸ்பத்திரி ஆளுங்கறாங்க. சின்ன வயசுப் படத்தை டிவியில பெரிசாக் காட்டிப் பாருங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. ஒரே ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்."

"கூடப் பிறந்தவங்க?" என்றேன். மூக்கை நுழைக்காமல் இருக்க எனக்கு வராது.

"யாரும் இல்ல. நான் ஒரே பிள்ளை."

பெட்டியைத் திறந்ததும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததும், டம்ளரை எடுத்ததும் எல்லாம் வலது கைதான். இடது கை நாற்காலிக்கு வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, விரல்கள் பாதி மடங்கி. வாத நோயோ என்று நினைத்தேன். செருப்பு மாட்டும்போது பார்த்தால் அதே கையைச் சுவரில் நன்றாகத்தான் ஊன்றுகிறார்.

மறுநாள் அக்கா வேலையைத் தொடங்கினார். அந்த அளவு ஸ்லைடு ஸ்கேனரோடு வந்த தாங்கியில் நிற்காது. கண்ணாடி மேல் நேரே வைத்தால், சட்டத்தின் கனத்தால் ஃபிலிம் ஒரு நூல் மேலே தூக்கிக்கொண்டு படம் மங்கும். போதாததற்கு, எண்ணெய் சிந்திய மாதிரி வண்ண வளையங்கள் வேறு. எப்படி வைத்தாலும் தெளிவு வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, "ஏம்மா, இங்கே வா" என்று குரல் கேட்டது. அக்கா என்னை வேலை அறைக்குக் கூப்பிட்டதே கிடையாது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

திரையில் கோடு போட்ட சட்டையில் ஐந்து வயதுப் பையன், ஒரு தோட்டத்தில். பூட்டுக்காரரின் மூக்கு அப்படியே இருந்தது. 

"இது சதுர ஃபிலிம். படம் சதுரமா இருக்கணும். இது ஏன் ஒரு பக்கம் குறையுது?" என்றார் அக்கா.

உண்மைதான். படத்தின் ஒரு ஓரம், மூன்றில் ஒரு பங்கு, கருப்பாக இருந்தது. சட்டத்தின் பகுதி என்று நான் நினைத்திருந்தேன்.

"இவன் எங்கே பார்க்கறான் பாரு."

பையன் கேமராவைப் பார்க்கவில்லை. அந்தக் கருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இடது கையை அந்தப் பக்கம் நீட்டியிருந்தான். மணிக்கட்டோடு கை கருப்புக்குள் போய்விட்டது. அக்கா அடுத்த படத்தைக் காட்டினார். அதற்கடுத்ததை. வேறு வேறு சட்டை, வேறு வேறு இடம், அதே சிரிப்பு, அதே கை. ஆறாவதைப் பெரிதாக்கினார். அதில் கருப்பு ஓரம் ஒரு நூல் விலகியிருந்தது. பையனின் மணிக்கட்டைச் சுற்றி நாலு சின்ன விரல்கள் இருந்தன. அவனுடையவை அல்ல.

பட்டப்பகல், வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த அறையில் மட்டும் குளிர்ந்தது.

"தெளிவா வரணும்னா பிரிச்சுத்தான் ஆகணும்" என்று அக்கா மழுங்கிய கத்தியைக் கையில் எடுத்தார்.

"வேண்டாம்னு எழுதியிருக்காங்களே அக்கா."

"அவர் கேட்டது தெளிவான படம்."

அது சாக்கு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சட்டம் டப்பென்று விட்டுக்கொண்டது. கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே, பிளேடால் அளந்து நறுக்கிய கருப்புத் தாள். ஓரத்தில் மட்டும் பசை. அக்கா இடுக்கியால் அதை எடுத்தார்.

ஏழு வயதுப் பெண் ஒருத்தி. நெற்றியில் வெட்டிய முடி, முன்பல் ஒன்று இல்லை. பையன் அவளைப் பார்க்கிறான். அவள் நேராக எங்களைப் பார்த்தாள். பதினொரு சட்டத்தையும் பிரித்தோம். பதினொன்றிலும் அவள் இருந்தாள், பதினொன்றிலும் நேராகப் பார்த்தாள். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தாளுக்கு அடியில், இருட்டில், அப்படியே சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பதினோராவது படத்தில் இருவரும் ஏரிக்கரையில் ஒரு மரப்பலகை மேல் நிற்கிறார்கள். பின்னால் தண்ணீர்.

பன்னிரண்டாவதில் தாள் இல்லை, முழுச் சதுரம். முதல் படத்தின் அதே தோட்டம். பையன் கொஞ்சம் வளர்ந்திருந்தான். படத்தின் பாதியை வெறுமையாக விட்டு ஓரமாக நின்றான். இடது கையை நீட்டியிருந்தான். விரல்கள் பாதி மடங்கியிருந்தன.

"அந்த மனுஷன் இதையெல்லாம் வேலையத்துப் போய் ஒட்டல. பிள்ளைக்கு ஞாபகம் வரக்கூடாதுன்னு மறைச்சிருக்கார்" என்றேன். "நாமளும் மறைச்சே குடுத்துடலாம் அக்கா. கேட்டா டாக்டர் சொல்வாருன்னு சொல்லுங்க."

"இதுக்கு டாக்டர் யாரு இருக்கா?" என்றார். தன் அப்பாவை நினைத்துக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பூட்டுக்காரர் படங்களை வாங்க வந்தபோது அக்கா அவரை உட்காரவைத்து, பிரித்ததைச் சொல்லி, படங்களைக் காட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பக்கத்து வீட்டுப் பொண்ணா இருக்கும்" என்றார். திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "அப்படியே அம்மா ஜாடை" என்றார். அவருக்கு எதுவுமே நினைவில்லை. அது பொய் இல்லை. அக்கா இரண்டு விதமாகவும் போட்டு வைத்திருந்தார், தாளோடு ஒன்று, தாள் இல்லாமல் ஒன்று. "அம்மாவுக்கு மறைச்சதையே காட்டுங்க" என்றார். பூட்டுக்காரர் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் கடையைக்கூடத் திறக்காமல் வந்து நின்றார்.

"அம்மாவுக்கு என்னைத் தெரிஞ்சுடுச்சு" என்றார். அப்படி ஒரு சந்தோஷச் செய்தியை அப்படி ஒரு முகத்தோடு யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. "மறைச்சதைத்தான் முதல்ல காட்டினேன். சும்மா இருந்தாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல, முழுசையும் போட்டேன். ஏரிக்கரைப் படம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. வீட்ல கூப்பிடற பேர். அப்புறம், 'அக்கா கையை விடாதேன்னு சொல்லித்தானேடா அனுப்பினேன்? நீ மட்டும் வந்து நிக்கறே? எங்கடா அவ?'ன்னாங்க."

அக்காவின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா. நீங்கதான் எல்லாத்தையும் பெரிசாக்கிப் பார்த்தீங்க. நான் கையை விட்டுட்டேனா?"

அக்கா அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். பதினொரு படங்களிலும் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். நானும் வாசலில் நின்று பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணின் விரல்கள்தான் பையனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. அவன் உள்ளங்கை திறந்தே கிடந்தது.

"பிடிச்சிருந்தது அவ. உங்க கை எதையும் பிடிக்கல" என்றார் அக்கா. "பிடிக்காத கை எதை விடும்?"

முப்பத்தோரு வருடத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அன்றைக்குச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. பூட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் இடது மணிக்கட்டை வலது கையால் மெல்லத் தடவினார்.

"அப்ப அவ ஏன் விட்டா?" என்றார்.

அக்கா ஏரிக்கரைப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். பூட்டுக்காரர் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனார். பிரித்ததற்கு அக்காவை நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அந்தப் பதினொரு கருப்புத் தாள்களை எண் எழுதி ஒரு உறையில் போட்டு வைத்தார். ஸ்கேனர் மேல் துணியைப் போர்த்தினார். புதிதாக வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து பூட்டுக்காரர் வருவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேட்டைத் திறந்தார். பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் மூடினார்.

நான் போவதற்குள் அக்கா உறையை அவர் முன்னால் வைத்திருந்தார். "மறுபடி ஒட்டித் தந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா" என்றார் அவர். இளைத்திருந்தார், ஆனால் நிதானமாக இருந்தார். "இப்பெல்லாம் அம்மாவுக்கு தினமும் என்னைத் தெரியுது. காலையில கண்ணு முழிச்சதும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. உடனே 'எங்கடா அவ?'ன்னு கேப்பாங்க. முதல்ல பதில் சொல்லத் தெரியாம நின்னேன். நாளெல்லாம் அழுவாங்க. ஒரு நாள், பக்கத்துலதாம்மா இருக்கா, பாருன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?" என்றார் அக்கா.

"அழுகையை நிறுத்திட்டாங்க. என் தலையைத் தடவினாங்க. அப்புறம் இந்தப் பக்கம் கையை நீட்டி, இங்கேயும் தடவினாங்க." தன் இடது பக்கத்தைக் கண்ணால் காட்டினார், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. "தினமும் ரெண்டு பேர் தலையையும் தடவறாங்க. பல்லு முளைச்சுடுச்சான்னு கேக்கறாங்க."

நான் கையில் இரண்டு டம்ளர் தண்ணீரோடு நின்றிருந்தேன். எப்போது இரண்டு எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா இந்தத் தடவை முறைக்கவில்லை. இரண்டையும் மேசையில் வைத்தேன். பூட்டுக்காரர் வலது கையால் ஒன்றை எடுத்துக் குடித்தார். அதே கையால் இன்னொன்றை, இடப்பக்கம், சின்னப் பிள்ளைக்கு எட்டும்படி மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.