பதினொரு நிமிடச் சீனம்

பல்கலைக்கழகத்தில் சீன மொழியை விசேட பாடமாக எடுத்தவர்கள் முதல் வருடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான்காம் வருடத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டே பேர். அதில் ஒருவன் புவாத், பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மூத்த மகன்.

எதற்காகச் சீனம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தான். வாப்பாவிடம் தூதரகத்தில் வேலை கிடைக்கும் என்றான். சிநேகிதர்களிடம் கப்பற்கொம்பனி என்றான். உண்மையில் அவனுக்குக் கூச்ச சுபாவம். பெரிய வகுப்புகளில் எழுப்பிக் கேள்வி கேட்பார்கள், இது ஒருவரும் எடுக்காத பாடம், பின்வரிசை வாங்கில் பேசாமல் இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். ஒன்பது பேர் உள்ள வகுப்பில் பின்வரிசை என்று ஒன்று கிடையாது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஆனாலும் படித்தான். நான்காம் வருடத்தில் பத்திரிகைத் தலையங்கத்தை மூன்று தரம் மட்டும் அகராதியைத் திறந்து வாசிக்க முடிந்தது. பழஞ்சீனத்தில் எட்டு வரிக்கு ஒரு மாலை போனது. பேச்சு மட்டும் வேறு கதை. பிறந்ததிலிருந்து அவன் நேரில் பேசிய சீனர்கள் இரண்டே பேர், இருவரும் ஆசிரியர்கள்.

அதில் ஒருவரான சுன் லாவ்ஷிதான் இறுதி வருட ஆய்வுக்குப் பொறுப்பு. லாவ்ஷி என்றால் ஆசிரியர். பீக்கிங்கிலிருந்து வந்திருந்த ஐம்பது வயதுப் பெண்மணி. ஐயாயிரம் எழுத்தில் கட்டுரை வேண்டும், அதோடு இலங்கையில் வாழும் சீனர் ஒருவர் சொந்தப் பேச்சில் பேசிய ஒலிநாடா வேண்டும், பத்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது, பேசியதை எழுத்திலும் பெயர்த்துத் தரவேண்டும் என்றார். ஒக்டோபர் முதலாம் திகதிக்குள் நாடா வராவிட்டால் விசேட பட்டம் இல்லை. நான்கு வருடம் படித்ததற்குச் சாதாரணப் பட்டம்தான்.

"உங்கள் ஊரில் சீனர் யாராவது உண்டா?"

"ஒருவர் இருக்கிறார். பல் வைத்தியர்" என்றான் புவாத். ஒன்பது வயதில் அவரிடம் ஒரு கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன்.

1982 ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும், சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்திருந்த கசட் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு பல் வைத்தியர் லியாங் டொக்டரின் அறைக்குப் போனான். கடைவீதி முடியும் இடத்தில் மாடிப்படிக்குக் கீழே அந்த அறை. ஒரு நாற்காலி, ஆட்கள் குந்த ஒரு வாங்கு, ஒரு தண்ணீர்க்குழாய். வாசலில் நின்றபடி, ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வணக்கத்தை அசல் பீக்கிங் உச்சரிப்பில் சொல்லி முடித்தான்.

டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"எந்தப் பல்லு?"

புவாத் தமிழுக்கு மாறி விஷயத்தைச் சொன்னான்.

"ஓ, நீ சீனமா பேசுன? நான் றேடியோவத் தூக்கிட்டு வந்திருக்கன்னு நெனச்சேன். குந்து தம்பி. எவ்வளவு வேணும்னாலும் கேளு, சொல்றேன்."

சொன்னார். மூன்று நாள் சொன்னார். பத்தொன்பது வயதில் ஹூபே மாகாணத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டது, கப்பலில் ஒருவரிடம் பல் பிடுங்கப் பழகியது, தேயிலைத் தோட்டந்தோட்டமாகப் பெட்டியோடு நடந்தது. அவ்வளவும் தமிழில். ஸ்பிரிங்வெளி, மடுல்சீமை லயங்களில் தொழிலாளர் வாய் பார்த்துப் பழகிய தமிழ். ஆறு கசட் பக்கம் நிரம்பியதில் சீனம் மொத்தம் நாற்பது விநாடி. அதுவும் தண்ணீர் வராத குழாயை ஏசியது.

"டொக்டர், சீனத்துல கொஞ்சம் பேசேலாதா?"

"யார்கிட்டப் பேசுறது? எங்கூட வந்தவன் அம்பத்தெட்டுல செத்துப்போனான். பண்டாரவளையில ஒரு பட்டு வியாபாரி இருந்தான். அவன் வடக்கத்தி ஆளு. அவன் பேசுறது எனக்கு வெளங்காது, நான் பேசுறது அவனுக்கு வெளங்காது. ரெண்டு பேரும் சிங்களத்துலதான் பேசிக்கிட்டோம். வீட்டுலயும் சிங்களம்தான், சம்சாரம் ஹாலிஎலக்காரி."

"எனக்கிட்டப் பேசுங்களேன்."

"உன்னப் பாத்தா மொதலாளி மகன் மொகம். வாய் தானா தமிழுக்குப் போகுது. நான் என்னா செய்ய?"

வீட்டில் தங்கை நளீராவிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"சீனாக்காரன் தமிழ் பேசுற. நீங்க சீனம் பேசுற. நல்ல படிப்புத்தான் நானா!"

"சிரிக்காத. செப்டம்பரும் வந்திட்டு."

"அப்ப நீங்களே குரல மாத்திப் பேசி றெக்கோட் பண்ணுங்க. பீக்கிங்கால வந்தவங்களுக்கு எங்கட டொக்டர்ட குரல் தெரியுமா?"

அது சரிவராது என்று தலையாட்டினான். ஆனால் அந்த யோசனை இரண்டு நாள் அவனை விடவில்லை. மூன்றாம் நாள் அதைச் சற்றுத் திருத்தி, தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். குரல் டொக்டருடையதாக இருக்கட்டும், கதையும் அவர் சொன்னதுதான், வசனத்தை மட்டும் நான் எழுதிக் கொடுக்கிறேன். நான்கு பக்கம் எழுதினான். பத்தொன்பது வயதுப் பையன் வீட்டை விட்டுப் புறப்படும் காட்சி. நாலு வருடத்தில் அவன் எழுதியதில் ஆகச் சிறந்த சீனம் அதுதான். ஒரு பிழை இருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

டொக்டர் மறுக்கவில்லை. "நாலு வருசம் பள்ளிக்கூடம் போயிருக்கேன். லேசான எழுத்தா இருந்தா வாசிப்பேன்."

அது ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஆட்கள் வரும் நாள். நாற்காலியில் ஸ்பிரிங்வெளி இராக்கம்மா சாய்ந்திருந்தாள். அவளுக்கு ஈறு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது ஏறும்வரை டொக்டர் தாளைக் கையில் எடுத்தார். புவாத் றெக்கோடரை அமுக்கினான்.

"இந்தத் தம்பிக்குப் பல்லு வலியே இல்லியா? தெனமும் வந்து குந்தியிருக்காமே?" என்றாள் இராக்கம்மா, பாதி மரத்த வாயால்.

"அதுக்குப் படிப்பு வலி" என்று சொல்லிவிட்டு டொக்டர் வாசிக்கத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளையைப் போல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்தார். தாய் மகனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற இடத்தில், "இது சரி. அங்கயும் அதத்தான் கேப்பாங்க" என்றார். அடுத்த வரியில் நின்றுவிட்டார். மகன் தாயிடம் விடைபெறும் வரி. போயிட்டு வாறேன் என்பதை அழகான சீனத்தில் எழுதியிருந்தான் புவாத்.

"இத யாரு சொன்னா?"

"வீட்டால வெளிக்கிடக்குள்ள எல்லாரும் செல்றதுதானே, டொக்டர்."

"எல்லாரும்னா, பதுளையில எல்லாரும். எங்க ஊர்ல யாரு சொன்னா?"

"பின்ன போறேன்னா சொல்லுவாங்க?" இராக்கம்மா நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினாள். "போறேன்னு சொல்லிட்டுப் போனா வெளங்குமா?"

"அங்க போறேன்னுதான் சொல்லுவாங்க! நானும் போறேன்னுதான் சொன்னேன். வாறேன்னு சொல்லல. வாறேன்னு சொல்லிட்டு வராம இருந்தா அது பொய்யி. நான் பொய் சொல்லல."

தாளை மடித்து வாங்கில் போட்டார். புவாத்தைப் பார்க்கவில்லை, றெக்கோடரின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார். அதற்கு மொதலாளி மகன் முகம் இல்லை. அன்று காலையில் என்ன நடந்தது, யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அந்தப் பெட்டியிடம் ஹூபே நாட்டுப்புறப் பேச்சில் சொல்லத் தொடங்கினார். முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு கடகடவென்று. ஒரு இடத்தில் பெண் குரலில் பேசினார். ஒரு இடத்தில் யாரையோ ஏசினார். பதினொரு நிமிடம்.

"டாக்டரய்யா! ஊசி எறங்கிப்போச்சு!" என்று இராக்கம்மா கத்தியதும்தான் நிறுத்தினார். அவளுக்கு இன்னொரு ஊசி போடவேண்டி வந்தது. அதுவும் நாடாவில் இருக்கிறது.

கடை மாடியில் உட்கார்ந்து நாடாவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டான் புவாத். மூன்றில் ஒரு பங்குதான் விளங்கியது. நாலு வருடப் படிப்பு, அகராதி இரண்டு, அப்படியிருந்தும் மூன்றில் ஒரு பங்கு. மறுநாள் திரும்பப் போனான். ஒவ்வொரு வசனமாகப் போட்டுக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டான். டொக்டர் தமிழில் விளக்கினார், அவன் அதைச் சீனத்தில் எழுதினான். ஒன்பது நாள் பிடித்தது. சில இடங்களில் டொக்டரே, "இதுக்குத் தமிழ்ல சொல் இல்ல தம்பி, கையால காட்டுறேன்" என்றார்.

செப்டம்பர் இருபத்தெட்டில் நாடாவும் கட்டுரையும் போய்ச் சேர்ந்தன. தான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்களையும் கடைசியில் சேர்த்தே கட்டினான். மறைத்தால் நேர்முகத்தில் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயந்தான் பெரிய காரணம்.

நேர்முகத் தேர்வில் இரண்டாவது பரீட்சகர் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் எடுத்தார்.

"இது என்ன?"

"நான் கற்பனையாக எழுதியது. அவரை வாசிக்கச் சொல்லி உங்களை ஏமாற்றப் பார்த்தேன். பிழை கண்டு அவர் கோபப்பட்டார். நாடாவில் இருப்பது அந்தக் கோபம்."

பரீட்சகர் புள்ளித் தாளில் எதையோ வெட்டினார். சுன் லாவ்ஷி நாடாவை ஓட்டி, நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார். டொக்டர் பெண் குரலில் பேசுகிற இடம்.

"இந்த வசனம் எனக்கும் விளங்கவில்லை. நீ எழுதியிருப்பதைப் பார்த்தேன். சரிதானா என்று சொல்."

புவாத் சீனத்தில் சொன்னான். அது அந்தத் தாய் சொன்னது. மகன் போறேன் என்றதும், உலையில் தண்ணீர் வற்றுகிறது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். உலைப்பானைக்கு அந்த ஊரில் வேறு சொல், அதனால்தான் அகராதியில் இல்லை.

"உண்மையிலேயே உலை கொதித்ததா?"

"நானும் கேட்டேன். அன்றைக்கு வீட்டில் அரிசி இல்லை, அடுப்பே மூட்டவில்லை என்றார்."

சுன் லாவ்ஷி அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். புவாத் டொக்டரின் இழுவையோடு சொன்னான். அவர் அதைப் பென்சிலால் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். அந்த நான்கு பக்கத்துக்காகப் பத்துப் புள்ளி வெட்டுப்பட்டது. விசேட பட்டம் கிடைத்தது, இரண்டாம் வகுப்பு, கீழ்ப் பிரிவு.