அம்மன் பாவும் நிற்கிற தறிகளும்

ஒரு கேள்வியின் வயிற்றுக்குள் இன்னொரு கேள்வியை வைத்து யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா? நான் தினமும் கேட்கிறேன். ஆளிடம் இல்லை, டேட்டாபேஸிடம். ஆளிடம் கேட்டால் "என்ன ஒளறுத?" என்பார்கள். டேட்டாபேஸ் அப்படிக் கேட்காது. ஏதோ ஒரு பதிலைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். அதுதான் ஆபத்து.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலை வியாபாரம் செய்கிற ஒரு அண்ணாச்சிக்கு நான்தான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். அவர் நெசவாளர் வீடுகளுக்குப் பாவு கொடுப்பார். பாவு என்றால் சேலையின் நீளவாக்கு நூல், பெரிய உருளையில் சுற்றி வரும். அது தீரும்வரை தறி ஓடும். தீர்ந்தால், அடுத்த பாவு வரும்வரை தறி நிற்கும். அதனால் அண்ணாச்சிக்குக் காலையில் எழுந்ததும் ஒரே கேள்விதான்: எந்தத் தறி நிற்கிறது? முன்பு வீடு வீடாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர் போனில் 'நிற்கிற தறிகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே பேர் இருக்கிற வீட்டுக்குத்தான் பாவு போகும்.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பதுதான் கேள்விக்குள் கேள்வி. உள்கேள்வி: தீராத பாவுகள் எந்தெந்தத் தறியில் இருக்கின்றன? வெளிக்கேள்வி: அந்தத் தறிகளைத் தவிர மற்றவை எவை? டேட்டாபேஸுக்கு எஸ்.க்யூ.எல் என்கிற மொழி மட்டும்தான் புரியும். எனக்குப் பைத்தான்தான் ஓடும். நடுவில் ஓ.ஆர்.எம் என்கிற லைப்ரரி உட்கார்ந்து, நான் எழுதுவதை எஸ்.க்யூ.எல்லாக மாற்றிக் கொடுக்கும். அது என்ன மாற்றுகிறது என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ரெண்டே வரி. வாசித்தால் சாதாரணப் பேச்சு மாதிரி இருக்கும். செம கெத்தாக இருந்தேன்.

அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சித்தி போன் பண்ணினாள். அம்மாவின் தங்கச்சி. வீட்டிலேயே தறி போட்டிருக்கிறாள், அதே அண்ணாச்சியின் பாவுதான்.

"ஏட்டி, ஒன் மிஷினு என்னைய மறந்துட்டா?"

"என்ன சித்தி?"

"பாவு தீந்து தறி சும்மா நிக்கி. அண்ணாச்சிட்ட கேட்டா, போன்ல ஒம்பேரு இல்லங்காவ. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அதெல்லாம் இருக்கும் சித்தி. பாத்துச் சொல்லுதேன்."

"பாத்துச் சொல்லு. தபசு நேரத்துல தறி நின்னா, நான் பூ மார்க்கெட்டுல போயி மால கட்டத்தான் போகணும். எனக்கு நேரா ஒரு முழம் கட்ட வராது, ஒனக்கே தெரியும்."

லேப்டாப்பைத் திறந்தேன். பக்கம் காலி. சித்தி மட்டும் இல்லை, யாருமே இல்லை. 'நிற்கிற தறி எதுவும் இல்லை' என்று நான் எழுதி வைத்த வாக்கியமே என்னைப் பார்த்து இளித்தது.

சர்வரை அணைத்துத் திரும்பப் போட்டேன். பழைய புரோகிராமை எடுத்து ஓட்டினேன். அதே காலி. சித்தியின் தறியைத் தனியாகக் கேட்டால், அதில் ஒரு பாவும் இல்லை என்று டேட்டாபேஸ் ஒழுங்காகச் சொல்கிறது. அப்புறம் ஏன் பட்டியலில் வரவில்லை என்றால் மௌனம். எர்ரர் வந்தாலாவது சந்தோஷப்படலாம். இது எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே இருந்தது.

காலேஜில் என்னோடு படித்தவள் ஒருத்தி சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டேன்.

"அது எஸ்.க்யூ.எல்லா என்ன மாத்துதுன்னு பாத்தியா மக்கா?"

"இல்ல."

"ஒருவாட்டி கூடவா?"

"ஏட்டி, திட்டணும்னா அப்புறம் திட்டு."

"சரி, உள்ள இருக்க கேள்விய மட்டும் தனியா ஓட்டு. என்ன வருதுன்னு வாசி."

ஓட்டினேன். தறி எண்களாக வந்தன. நடுவில் ஒன்று மட்டும் எண் இல்லை. 'நல்' என்று ஒரு ஆங்கில வார்த்தை. தறி எண்ணே இல்லாத ஒரு பாவு.

"அதான் ஒன் சனியன்," என்றாள்.

நல் என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லையாம். தெரியாது என்று அர்த்தமாம். ஒரு பாவு ஏதோ தறியில் ஓடுகிறது, எந்தத் தறி என்று தெரியாது. அது சித்தியின் தறியாகவும் இருக்கலாம். அதனால் சித்தியின் தறி நிற்கிறது என்று டேட்டாபேஸால் சத்தியம் பண்ண முடியாது. மற்ற எந்தத் தறிக்கும் முடியாது. நிச்சயமாகச் சொல்ல முடியாததைக் காட்டவே காட்டாது. ஒரே ஒரு தெரியாதது ஊர்த் தறி முழுவதையும் மறைத்துவிட்டது.

அந்த நல் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முந்தின வாரம் அண்ணாச்சி போனில், "ஒரு பாவுக்கு மட்டும் தறி நம்பர் போடாம போன்ல ஏத்த முடியலியேம்மா" என்றார். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. இறங்கியதும் தறி எண் போடுகிற கட்டத்தைக் காலியாகவும் விடலாம் என்று மாற்றிவிட்டேன்.

உள்கேள்வியில் ஒரு வரி சேர்த்தேன்: தறி எண் இல்லாததை விட்டுவிடு. அவ்வளவுதான். பக்கம் நிறைந்தது. முதல் பேரே சித்தி.

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தேன். அண்ணாச்சி சேலைகளை மடிப்புப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பேரில்லாத பாவு எது?"

"அது அம்மன் பாவுல்லாம்மா. வருசா வருசம் தபசுக்கு முன்ன வாற மொதப் பாவ அம்மனுக்குன்னு எடுத்து வச்சிருவோம். தபசு முடிஞ்சுதான் தறி ஏறும். அதுவரைக்கும் யார் பேரும் எழுதக் கூடாது. எங்க ஐயா காலத்துப் பழக்கம்."

"அதனாலதான் போன்ல யார் பேரும் வரல. நெறய தறி நிக்கி அண்ணாச்சி. இப்பச் சரிபண்ணிட்டேன். சித்தி வீட்டுக்கு ஒரு பாவு அனுப்புங்க."

அவர் சேலையைக் கீழே வைத்தார்.

"எல்லாத் தறியும் ஓடுதுன்னுல்லா நெனச்சேன். வந்த பாவு பூராத்தையும் புளியங்குடிப் பக்கத்துத் தறிகளுக்கு வேன்ல ஏத்தி விட்டுட்டேனே."

"திருப்பி எடுக்க முடியாதா?"

"பிணைச்சிருப்பாவளேம்மா."

பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாக முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதுதான் பிணைப்பது. ஆள் வைத்து நாள் பூராவும் செய்கிற வேலை. பிணைத்துவிட்டால் நெய்து தீர்க்க வேண்டியதுதான், கழற்றி எடுக்க முடியாது. என் தப்பை ஒரு வரியில் திருத்திவிட்டேன். அது கிளப்பிவிட்ட வேனை எந்த வரி திருப்பும்?

"அடுத்த லோடு?"

"தபசு கழிச்சுத்தான்."

"அந்த அம்மன் பாவ..." என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே நிறுத்திக்கொண்டேன்.

சித்திக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நல் வரைக்கும் சொன்னேன், பைத்தியக்காரி மாதிரி.

"இப்ப எம்பேரு வந்துட்டா?" என்றாள்.

"வந்துட்டு சித்தி. மொத பேரே ஒனக்குத்தான்."

"பாவு?"

"தபசு கழிச்சுத்தான் சித்தி."

"சரி, வையி," என்றாள். "பூக்கடைல வரச் சொல்லிருக்காவ."

அண்ணாச்சியின் குடோனில் இப்போது ஒரே ஒரு பாவு இருக்கிறது, யார் பேரும் எழுதாமல்.