பதினேழாம் பக்கத்து வட்டம்

"நேத்து யார்கூட சண்டை போட்டீங்க?"

புத்தகம் கேட்டு வருபவரிடம் மிலோய்கா முதலில் கேட்பது இதைத்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நூலகப் பேருந்தின் பின்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றுகொண்டு சண்டையை விசாரிப்பார். அண்ணன் தம்பித் தகராறு என்றால் கை தானாக இடது பக்கத் தட்டுக்குப் போகும். உப்புமலை ராஜ்ஜியத்தைப் பாதியாகப் பிரித்து, ஆளுக்கொரு டிராகன் என்று பங்கு போட்டுக்கொண்ட இரட்டையர் கதை, மூன்று பாகம். நகராட்சி அலுவலகத்தோடு சண்டை என்றால் நடுத்தட்டு, குமாஸ்தாக்கள் மட்டுமே குடியிருக்கும் ஒரு கிரகத்தைப் பற்றிய நாவல். தன்னோடு தானே சண்டை என்று யாராவது சொல்லிவிட்டால் மிலோய்காவுக்குக் கொண்டாட்டம்தான். வலது பக்க மேல்தட்டில் நூறு வருஷத்துக்கு முந்திய பெரிய நாவல்கள் இருக்கின்றன. அதற்கு ஏணி வேண்டும்.

"சண்டையே இல்லம்மா, நிம்மதியா இருக்கேன்" என்பவருக்குச் சமையல் புத்தகம்.

வயது ஐம்பத்தெட்டு. சோச்சா ஆற்றை ஒட்டி மேலேறும் மலைப்பாதையில் முப்பத்தோரு வருஷமாக இந்த வேலை. செவ்வாயும் வெள்ளியும் பதினோரு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிஷம். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. அதன் ஒரு பையில் ஆப்பிள், இன்னொன்றில் அதை நறுக்கும் கத்தி. புத்தகத்தை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களைக் கண்டால் அந்தக் கத்தியாலேயே கையில் ஒரு தட்டு தட்டுவார். கதையின் முடிவைச் சொல்வதைப் போன்ற பாவம் அவர் அகராதியில் வேறு இல்லை.

"நான் படிக்காத புத்தகத்த யார் கையிலயும் குடுத்ததில்ல" என்று அடித்துச் சொல்வார். அதில் பெருமை கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் பள்ளத்தாக்கு முழுக்க அதை நம்புகிறது. மேல்தட்டில் 'கோதுமைக் கிடங்கு' என்று ஆயிரத்து நூறு பக்கத்தில் ஒரு நாவல் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் மிலோய்கா குரலைத் தாழ்த்தி, "இதப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். நீங்களே படிங்க" என்பார். அதைவிடப் பெரிய சிபாரிசு இல்லை என்று வாங்கிப் போகிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

அவருக்கு ஒரே ஒரு குறை உண்டு. கேட்க ஆள் கிடைத்தால் சொல்லியும் விடுவார். "ஊருக்கெல்லாம் நான் சொல்றேன். எனக்கு ஒரு ஆளாவது, 'மிலோய்கா, இதப் படி'ன்னு சொல்லிருக்கா? டாக்டருக்கு உடம்பு சரியில்லன்னாக்கூட இன்னொரு டாக்டர் வந்து பாக்கறாரு." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொல்லிவிட்டு ஆப்பிளை வேண்டியதைவிடச் சின்னதாக நறுக்குவார்.

பேருந்தை ஓட்டுபவர் ராதிவோய். பெரிய உடம்பு, சின்னக் குரல், காதில் தச்சர்கள் செருகும் தட்டைப் பென்சில். கிலோமீட்டர் கணக்கு எழுத அது. பதினான்கு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வண்டி என் டிபார்ட்மென்ட். கதை உன் டிபார்ட்மென்ட், முதலாளியம்மா." மிலோய்கா அவருக்கு முதலாளி இல்லை, இருவருக்கும் சம்பளம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வண்டி நின்றதும் ராதிவோய் விளையாட்டுச் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொள்வார். கிளம்பும்போதுதான் மடிப்பார்.

இந்தப் பள்ளத்தாக்கு வாசகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படித்து முடித்த புத்தகத்தில் தங்களுக்கென்று ஒரு குறி போட்டுவிடுவார்கள், மறதியில் அதையே மறுபடி வீட்டுக்குத் தூக்கிப் போய்விடக் கூடாதே என்று. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஸோஃப்கா இருபத்துமூன்றாம் பக்க எண்ணுக்கு அடியில் ஒரு கோடு இழுப்பாள். ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற லுத்விக் அறுபதாம் பக்க ஓரத்தில் ஒரு 'டிக்'. சீஸ் செய்யும் நெஜா பதினோராம் பக்கத்தில் ஊசியால் ஒரு துளை. பாதியில் விட்ட புத்தகத்தில் யாரும் குறி போடுவதில்லை. அந்த நாணயத்தை இதுவரை ஒருவரும் மீறியதில்லை.

தலைமை நூலகம் இந்தக் குறிகளை ரப்பரால் அழிக்கச் சொல்லி வருஷத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பும். மிலோய்கா அதை மடித்து ஆட்டம் காணும் ஏணிக் காலுக்குக் கீழே வைப்பார். கணினி சொல்வது யார் எடுத்துப் போனார்கள் என்று மட்டும்தான், யார் முடித்தார்கள் என்பதைக் குறிதான் சொல்லும் என்பது அவர் கட்சி. அவருக்கும் ஒரு குறி இருக்கிறது, ஐந்தாம் பக்கத்தில் ஒரு குட்டி மலைமுகடு.

ஒரே ஒரு குறிக்கு மட்டும் சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் இருந்தது. பதினேழாம் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி. உப்புமலையின் மூன்று பாகத்திலும் அது இருந்தது. குமாஸ்தாக்களின் கிரகத்திலும் இருந்தது. மேல்தட்டிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. டிராகன் படிப்பவர் விண்வெளி படிக்க மாட்டார், விண்வெளி படிப்பவர் பழைய நாவலைத் தொட மாட்டார். இந்த வட்டம் மட்டும் மூன்றிலும் சளைக்காமல் உருண்டது. மிலோய்கா பாதிரியாரைச் சந்தேகித்தார், கால்நடை மருத்துவரைச் சந்தேகித்தார். 'யாரோ என்னை மாதிரியே ஒரு ஆள் இங்க இருக்கு' என்ற நினைப்பே அவருக்கு இனித்தது, கூடவே உறுத்தியது. அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், தனக்கு ஒரு புத்தகம் சொல்ல ஆள் கிடைத்துவிடும் அல்லவா?

போன ஜூன் மாதம் 'இரண்டாம் நிலவின் தபால்காரர்' என்ற புது நாவல் வந்தது. திங்கட்கிழமை மிலோய்காவே பெட்டியைப் பிரித்தார், ராத்திரியே படித்து முடித்தார், செவ்வாய் காலை தட்டில் வைத்தார். அன்று யாரும் அதை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், பாதிச் சுற்று முடிந்த நேரத்தில், சும்மா ஒரு புரட்டுப் புரட்டினார்.

பதினேழாம் பக்கத்தில் வட்டம்.

புத்தகம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மிலோய்கா மெதுவாகத் தலையைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். விரித்த செய்தித்தாளில் பனிச்சறுக்குத் தாவல் வீரர் ஒருவர் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தார். அது மார்ச் மாதத்து இறுதிப் போட்டி. வெளியே செர்ரி பழுத்துவிட்டது, ராதிவோய் இன்னும் அதே பேப்பரைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

புள்ளி வைத்த வட்டம் ஒரு ஸ்டியரிங் என்று மிலோய்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே போய்ப் பிடித்து உலுக்கியிருப்பார். ஆனால் பதினான்கு வருஷம் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த மனிதரை நேரே கேட்டால், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அடுத்த நிறுத்தம் தீயணைப்பு நிலைய வாசல். லுத்விக் வழக்கம்போல ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பழைய நாவல் தவிர வேறெதையும் தொடாதவர்.

மிலோய்கா தபால்காரரை அவர் கையில் வைத்தார்.

"விண்வெளிக் கப்பலா? கால அட்டவணை உண்டா அதுக்கு? அட்டவணை இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன்."

"இதுல ஒரு தபால்காரன், ஒரு கிழவிக்கு நாப்பது வருஷம் லேட்டா ஒரு கடுதாசி கொண்டுபோறான்."

"நாப்பது வருஷமா! மன்னிக்கவே முடியாது."

"கவலப்படாதீங்க" என்றார் மிலோய்கா, வேண்டுமென்றே குரலை உயர்த்தி. "குடுக்கறதுக்கு முன்னாடியே, கடைசியில அவன் செத்துப்போயிடறான்."

வரிசையில் நின்ற ஸோஃப்காவுக்கு வாய் பிளந்துவிட்டது. மிலோய்கா முடிவைச் சொல்வதா? அவள் அதிலிருந்து மீள்வதற்குள் முன்னால் பேப்பர் கசங்கும் சத்தம் கேட்டது. கூடவே முழங்கை பட்டு ஹாரன் ஒரு முறை அலறியது.

"சாகல! யாரு சொன்னா செத்தான்னு? ஆக்சிஜன் தீர்றதுக்கு முன்னாடியே அந்தக் கிழவி கதவத் தொறந்துடறா! முந்நூத்திப் பத்தாம் பக்கம்!"

சொன்ன பிறகுதான் ராதிவோய்க்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. காது மடல் இரண்டும் சிவந்துபோயின.

"அடடே, நம்ம டிரைவருக்குப் படிக்கத் தெரியுமா!" என்றாள் ஸோஃப்கா.

லுத்விக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் சேர்ந்து முடிவச் சொல்லிட்டீங்க. இனி எதுக்கய்யா நான் இதப் படிக்கணும்?"

ராதிவோய் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க ரயில்ல இருந்தவர்தானே ஐயா. கடைசி ஸ்டேஷன் பேரு போர்டுலயே எழுதியிருக்கு. அதுக்காக ஜனங்க ஏறாமலா இருந்தாங்க?" என்றார்.

லுத்விக் யோசித்தார். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். முப்பத்தோரு வருஷத்தில் மிலோய்காவால் முடியாத காரியம் அது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

திரும்பும் வழியில் கேட்க அவரிடம் நூறு கேள்விகள் இருந்தன. பக்கத்தில் சிவந்த காதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "அந்த மார்ச் மாசத்துப் பேப்பரத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கட்டும். நல்ல தாவல்." இரண்டு வளைவு தாண்டி ராதிவோயே தொடர்ந்தார். "நாப்பத்திரெண்டு கிலோமீட்டர், நூத்திப் பத்து வளைவு. நானும் படிப்பேன்னு வேலைக்குச் சேந்த அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா, நீ விடற கேள்வியில வண்டி ஆத்துலதான் கெடந்திருக்கும்."

மிலோய்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "சரி, எனக்கு ஒண்ணு சொல்லேன். நான் என்ன படிக்கணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்."

அதற்குப் பிறகு நாலு நாள் மிலோய்கா நிலைகொள்ளாமல் இருந்தார். தான் படிக்காத நாவல் எதைத்தான் சொல்லிவிடப் போகிறார் என்று ஒரு பக்கம் எகத்தாளம், சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று ஒரு பக்கம் பயம்.

செவ்வாய்க்கிழமை முதல் நிறுத்தத்தில், மிலோய்கா உட்காரும் முக்காலியின் மேல் 'கோதுமைக் கிடங்கு' இருந்தது.

"இது என்ன, இதத்தான் நான் ஊருக்கெல்லாம்…"

"குடுக்கற. படிக்கல" என்றார் ராதிவோய், திரும்பாமலே. "அஞ்சாம் பக்கத்துல உன் மலை இல்ல."

மிலோய்கா புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் தொண்ணூறாம் பக்கத்தில் கைவிட்ட புத்தகம் அது. இதைப் படித்தேன் என்று குறிப்பாக அவர் வாயால் சொன்னதில்லைதான். படிக்கவில்லை என்றும் சொன்னதில்லை.

"ஊரே வானத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கு, மழையே வரமாட்டேங்குது. யாராலய்யா அதப் படிக்க முடியும்?"

"நூத்தி இருபதாம் பக்கத்துல பெய்யும், முதலாளியம்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கோ. இதப் படி."

அவ்வளவுதான் சொன்னார். பேப்பரை விரித்துக்கொண்டார்.

மிலோய்கா பின்படியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்த நிறுத்தங்களிலும் அவர் அந்தப் படியை விட்டு எழவில்லை. வந்தவர்கள் அவரைத் தாண்டி உள்ளே ஏறி, தாங்களே எடுத்து, தாங்களே முத்திரை குத்திக்கொண்டு போனார்கள். தீயணைப்பு நிலைய வாசலில் ஸோஃப்கா வந்து எதிரே நின்றாள், தொண்டையைச் செருமினாள்.

"மிலோய்காம்மா, நேத்து என் மாமியாரோட ஒரு சண்டை, கேளுங்க…"

மிலோய்கா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு விரலை மட்டும் மேலே தூக்கிக் காட்டினார்.

"இரு. இன்னும் மழை பெய்யல."