கை வைக்காத குழாய்

நீ கை வைத்துப் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய் சொன்னாய்.

ஏரியில் வண்டி இறக்குகிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டீசல் இன்ஜின் மூச்சு இழுக்கும். ஆழமான தண்ணீரில் அது பானெட்டுக்குள்ளிருந்து இழுத்தால் காற்றோடு தண்ணீரும் போய் இன்ஜின் செத்துவிடும். அதனால் முன்கண்ணாடி ஓரமாகக் கூரை உயரத்துக்கு ஒரு குழாய் ஏற்றுவார்கள். ஸ்நார்கல் என்று பெயர். அது வேலை செய்கிறதா என்று பார்க்க இன்ஜினை ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் அடைக்க வேண்டும். மூச்சு முட்டி இன்ஜின் நின்றால் இறங்கலாம். நிற்காவிட்டால் இறங்கக் கூடாது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் அந்தக் கை உன்னுடையது. கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து சேக்காட்டில் ஃப்ளாட் வாங்கியவன் நீ. குழுவை ஆரம்பித்தவன், விதிகளை எழுதியவன். அவரவர் வண்டியை அவரவர் பார்த்தால் ஏமாற்றிக்கொள்வார்கள், ஒரே ஆள்தான் எல்லா வண்டியையும் பார்க்க வேண்டும் என்பது நீ எழுதிய விதி. பார்த்து முடித்த வண்டியின் கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவாய்.

நான் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். டாங்கி சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அந்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. இப்போது கள்ளிக்குப்பத்தில் வீடு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்தால் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். அதனால்தான் ஏலத்தில் வந்த அந்தப் பழைய டீசல் ஜீப்பை வாங்கினேன். துருப்பிடித்த தரையை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தேன். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியைத் தூக்கினேன். பெரிய டயர் போட்டதும் ஸ்டீயரிங் தோளைப் பிடுங்கியது, அதையும் மாற்றினேன். ஒன்று முடிந்தால் அடுத்தது. முடிந்துவிட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. எல்லாம் என் கையால் செய்தது. ஸ்நார்கலுக்கு மட்டும் பாடி மேம்பாலத்துப் பக்கம் ஒரு ஷெட்டில் விட்டேன், பக்கத் தகட்டை வெட்டி ஓட்டை போட வேண்டும் என்பதால்.

மழை விட்ட வாரம், பூந்தமல்லி தாண்டி ஒரு ஏரி. நீ பார்ப்பதற்காக இன்ஜினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் டிக் இருந்தது.

"கை வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சுங்க சிஸ்டர். கப்புன்னு நின்னுருச்சு. மறுபடி நான்தான் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். பயப்படாம எறங்குங்க."

"பயமா? யாருக்கு?"

"சும்மா சொன்னேனுங்க."

இறங்கினேன். முதல் கியர், ஒரே சீராக. மிதியில் வைத்த காலை அசைக்கவில்லை. தண்ணீர் ஹெட்லைட்டைத் தொட்டது. உள்ளே ஒரே ஒரு இடி, அவ்வளவுதான். இன்ஜின் நின்றுவிட்டது. என் காலணிக்குள் தண்ணீர் ஏறியது. கயிறு கட்டி இழுத்தார்கள். கரையில் யாரோ சிரித்தார்கள்.

வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டரின் வாய் நிறைய ஆகாயத்தாமரை வேர். இன்ஜினைப் பிரித்தால், உள்ளே பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்துபோயிருந்தது. ஸ்நார்கல் வந்து சேர வேண்டிய பக்கத் தகட்டைத் தடவினேன். ஓட்டையே இல்லை. உள்பக்கப் பழைய பச்சை பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. குழாய் வெளியே போல்ட்டில் நின்றதே தவிர, இன்ஜினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பாடி ஷெட்காரனிடம் போனேன்.

"யோவ், ஓட்டை எங்கய்யா?"

"இன்னா ஓட்டக்கா?"

"குழாய்லேர்ந்து ஃபில்டருக்குக் காத்து எப்படிப் போவும்?"

"நீ இன்னா சொன்ன? ஸ்நார்கல் மாட்டுன்ன. மாட்டிகீறேன். புடிச்சி இஸ்துப் பாரு, ஆடுதா? கனெக்சன் குடுன்னு சொன்னியா?"

"வேற எதுக்குய்யா மாட்டுவாங்க?"

"கெத்துக்குக்கா! என்னாண்ட மாட்டிகினு போறவன் அல்லாரும் ஃப்ளைஓவர் மேல சுத்திகினு கீறான். ஏரில எறங்குனவ நீ ஒருத்திதான்."

அறையலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. மாட்டச் சொன்னேன், மாட்டினான். அந்த ஷெட்டில் மாட்டுவது என்றால் மாட்டுவது மட்டும்தான். இப்படி ஒன்று நடக்கும் என்பதற்காகத்தானே கை வைக்கிற விதி?

ஏரியில் வண்டி நின்ற அன்று சாயங்காலமே நீ குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினாய்: "சிஸ்டர் தண்ணில ஆக்சிலேட்டர மிதிச்சுட்டாங்க. நான் கை வெச்சு செக் பண்ணித்தான் விட்டேன். இனிமே அவங்க யார் வண்டிலயாச்சும் பின் சீட்ல வரட்டும்." கீழே ஒருவன், "ஸ்கூட்டி ஒண்ணு பாத்துக் குடுங்க மாமே" என்று எழுத, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஓட்டை இல்லாத தகட்டைப் படம் எடுத்துப் போட்டேன். அதை அழித்தாய். பிறகு போனில் கூப்பிட்டு, "தனியா பேசிக்கலாங்க சிஸ்டர்" என்றாய்.

தனியாக எதற்கு? என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பியது எல்லோர் முன்னாலும்தானே?

வேலை விட்டு வந்து தினமும் அந்த இன்ஜினைத்தான் பிரித்துக் கட்டினேன். தூக்கம் வராத ஆளுக்கு அது நல்ல வேலை. ராடு மாற்றியாயிற்று. நேற்று ஸ்டார்ட் ஆயிற்று, பக்கத்து வீட்டுக்காரர் புகைக்குச் சண்டைக்கு வந்தார். ஸ்நார்கலை மட்டும் தொடவில்லை. தகட்டில் இன்னும் ஓட்டை போடவில்லை. பழைய பெயின்ட் அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம்.

வருகிற ஞாயிறு, குழுவில் எல்லோரும் கூடுகிற டீக்கடைக்கு வருகிறேன். பின் சீட்டில் இல்லை, என் வண்டியை ஓட்டிக்கொண்டு. இன்ஜினை அணைக்க மாட்டேன். நீ வந்து அந்தக் குழாயின் வாயில் கையை வை. நன்றாக அழுத்தி வை. வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா? அன்றைக்குக் "கப்புன்னு" நின்றது எது? அங்கே நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நீயே பதில் சொல்.